நம்பர் அக்காவும் பென்சில் சண்டையும்

நகர நூலகத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. நம்பர் அக்கா அங்கேதான் உட்கார்ந்து வேலை பார்த்தாள். நூலகத்துக்கு வருகிற எந்தப் புத்தகமும் நேரே அலமாரிக்குப் போய்விட முடியாது. முதலில் அவள் மேசைக்கு வர வேண்டும். அவள் அதைப் புரட்டிப் பார்த்து, இது எதைப் பற்றியது என்று முடிவுகட்டி, அதற்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை முதுகில் ஒட்டி, கணினியில் ஏற்றுவாள். எண் இல்லாத புத்தகமும் தொலைந்துபோன புத்தகமும் ஒன்றுதான் என்பது அவள் கட்சி. அதனால்தான் அந்தப் பெயர் வந்தது. சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஒரே வேலையை வருஷக்கணக்காகச் செய்தால் சலித்துப்போகும் என்பார்கள். அக்காவுக்கு அந்தச் சலிப்பு எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாது. புதுப் புத்தகம் வந்தால் முதலில் நடுப்பக்கத்தைப் பிரித்து மூக்கை உள்ளே விட்டு ஆழமாக ஓர் இழுப்பு. அப்புறம் ஸ்கேலை எடுத்து உயரத்தை அளப்பாள். மயிரிழை கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தாலும் அடுத்த சென்டிமீட்டராகவே எழுத வேண்டும் என்பது அந்த வேலையின் விதி. "சம்பளத்துல மட்டும் கீழ குறைச்சு எழுதறாங்க, உனக்காவது மேல ஏத்தித் தர்றேன்" என்று புத்தகத்தின் முதுகில் தட்டிக்கொடுப்பாள்.

கல்யாணத்தைப் பற்றிய புத்தகங்களுக்கும் விவாகரத்தைப் பற்றிய புத்தகங்களுக்கும் கிட்டத்தட்ட அடுத்தடுத்த எண்கள். அவற்றை அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் சொருகும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும். இந்த எண்களைக் கண்டுபிடித்த ஆள் கண்டிப்பாகக் கல்யாணமானவன் என்று எல்லோரிடமும் சொல்லுவாள். திரும்பி வரும் புத்தகங்களுக்குள் ஜனங்கள் அடையாளத்துக்கு வைத்து மறந்துபோன சாமான்களும் அவளுக்குப் பெரிய கொண்டாட்டம். பல்லுடைந்த சீப்பு, யாரோ ஒருவரின் சுண்டுவிரல் எக்ஸ்ரே, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்ட ஒற்றைக் காலுறை. காலுறையைப் பார்த்த அன்று முழுக்க அவளுக்கு வேலையே ஓடவில்லை. ஒற்றைக் காலுறைக்கு இஸ்திரி போடுகிறவன் எப்பேர்ப்பட்ட மனுஷனாக இருப்பான்?

வீட்டிலும் அவள் கை சும்மா இருக்காது. பருப்பு டப்பாவிலிருந்து செருப்பு அலமாரி வரை எல்லாவற்றிலும் எண் ஒட்டியிருந்தாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் சர்க்கரையைத் தேடித் தேடிக் களைத்துப்போய்க் கேட்டார்.

"எல்லாத்துலயும் ஒட்டிட்டே. என் மேல மட்டும் ஏன் இன்னும் ஒட்டல?"

"உங்கள எதுல சேக்கறதுன்னு இன்னும் முடிவாகலைங்க."

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த அவள் வாழ்க்கையில் ஒரு சரக்கு வண்டி வந்து நின்றது. வண்டி நிறையப் புத்தகங்கள். கூடவே ஓர் அம்மாள். கையெழுத்துப் போட்ட காகிதத்தை நூலகரிடம் நீட்டினாள்.

"எல்லாத்தையும் லைப்ரரிக்கே எழுதிக் குடுத்துட்டேன். திருப்பிக் கேக்க மாட்டேன். சீக்கிரம் எறக்கச் சொல்லுங்க, அவர் தங்கச்சி வீட்லேர்ந்து வர்றதுக்குள்ள."

நூலகர் அக்காவைவிட வயதில் சின்னவர். சத்தமென்றால் அவருக்கு ஆகாது. சுவரெல்லாம் 'அமைதி' என்று பலகை மாட்டியிருந்தார். ஒவ்வொரு வருஷமும் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். புத்தகங்கள் சத்தமில்லாமல் இனாமாக வந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. அந்த அம்மாள் கடைசியாகச் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புத்தகங்கள் அக்காவின் அறைக்கு வந்தன. அன்பளிப்புப் புத்தகத்தில் பென்சில் கிறுக்கல் இருந்தால் அழித்துவிட்டுத்தான் எண் போட வேண்டும். ரப்பரால் அழிப்பதும் அவளுக்குப் பிடித்த காரியம்தான். முதல் புத்தகத்தில், ஓரத்தில் கொட்டை எழுத்தில் 'பொய்' என்று இருந்ததை அழித்து ஊதித் தள்ளினாள். பக்கத்தைத் திருப்பினாள். ரப்பர் அப்படியே நின்றது.

அது ஆரோக்கிய வாழ்வைப் பற்றிய புத்தகம். விடியற்காலையில் எழுந்தால் மனம் தெளியும் என்று அச்சில் இருந்தது. ஓரத்தில் பென்சிலில், 'எழுந்தேன். தெளியவில்லை. மனைவியும் எழுந்துவிட்டாள்.'

அக்கா அடுத்த புத்தகத்தை எடுத்தாள். தோட்டக்கலை. ரோஜாச் செடியோடு தினமும் பேசினால் நன்றாக வளரும் என்றது புத்தகம். 'பேசினேன். செத்துவிட்டது' என்றது பென்சில். ஒரு நாவலில் கதாநாயகன் அத்தியாயம் முழுக்க அழுதுகொண்டிருந்தான். பக்கத்துக்குப் பக்கம் 'போதும்', 'போதும் என்றேனே', 'மூக்கைச் சிந்து' என்று எழுதியிருந்தது. சமையல் புத்தகத்தில், 'இப்படிச் செய்தால் அடிப்பிடிக்கும்' என்றும், அதற்குக் கீழே வேறு நாளில் எழுதியதுபோல, 'பிடித்தது' என்றும். தத்துவப் புத்தகம் ஒன்று 'நான் யார்?' என்று கேட்டுத் தொடங்கியது. 'என்னை ஏன் கேட்கிறாய்?' என்று பதில் இருந்தது.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் தனியாகச் சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

ரப்பர் மேசை இழுப்பறைக்குள் போனது. விதிப்புத்தகத்தைப் புரட்டியதில், ஒரு பிரதிக்கு மட்டும் உரிய விசேஷம் ஏதாவது இருந்தால் நூற்பட்டியலில் குறிப்பாக எழுதலாம் என்று இருந்தது. அது போதாதா அவளுக்கு? ஒவ்வொரு புத்தகத்தின் பதிவிலும் குறிப்பு சேர்த்தாள். 'ஓரங்களில் பென்சில் குறிப்புகள் உண்டு' என்று அடக்கமாகத்தான் தொடங்கினாள். போகப் போகக் கை நீண்டது. 'எழுதியவர் கோபமாக இருக்கிறார்.' 'நடுப்பகுதியில் சமாதானமாகிறார்.' 'கடைசி அத்தியாயத்தில் மறுபடியும் கோபம்.'

புத்தகங்கள் அலமாரிக்குப் போன சில நாளில் வாசலில் ஒரு குரல் கேட்டது. கேட்டது என்று சொன்னால் போதாது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"கவனிக்கவும்! என் புத்தகங்கள் எங்கே?"

வாசிப்பறையில் செய்தித்தாளை முகத்தில் மூடிக்கொண்டு தூங்கிய ஒரு பெரியவர் பதறியடித்து எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "எந்த பிளாட்பாரம்?" என்று ஓடினார். அவர் மேல் தப்பில்லை. வந்தவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மைக் கெட்டுப்போன நாட்களிலும் அவர் வேலை நின்றதில்லை என்று சொல்வார்கள். ரகசியம் பேசத் தெரியாத தொண்டை.

நூலகர் கும்பிடாத குறையாக அவரைப் பின்பக்கம் அழைத்துவந்து அக்காவின் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

"சார், நூலகத்துப் பதிவுல ஏறின புத்தகத்தைத் திருப்பித் தர விதி கெடையாது" என்றாள் அக்கா.

"என் பெண்டாட்டி என்னக் கேக்காம குடுத்திருக்கா!"

"காகிதத்துல உங்க பேருக்கு நேரா அவங்க கையெழுத்து இருக்கே சார்."

"அவ போடுவா. எல்லாத்துலயும் போடுவா. பாங்க்லயே என் கையெழுத்து தப்புன்னு சொல்லி அவ போட்டதத்தான் சரின்னாங்க." அவர் கையில் ஆரோக்கியப் புத்தகம் இருந்தது, வரும் வழியிலேயே அலமாரியிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தார். ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். "இங்க நான் எழுதினதை அழிச்சது யாரு?"

அக்காவுக்கு முகம் சிவந்தது. "நான்தான் சார். அது ஒண்ணுதான். அதுக்கப்புறம் கை வரல."

"என்ன எழுதியிருந்தேன்?"

"பொய்னு எழுதியிருந்தீங்க."

"வெறும் பொய்யா? பச்சைப் பொய்னு எழுதியிருப்பேனே?"

"வெறும் பொய்தான் சார். நல்லா ஞாபகம் இருக்கு."

இருவரும் அந்தப் பக்கத்தை மேசை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, பென்சில் அழுத்தியிருந்த தடத்தைப் பார்த்தார்கள். வெறும் பொய்தான். அறிவிப்பாளர் ஏமாந்துபோனார். "அன்னிக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டார். அக்கா பென்சிலை நீட்டினாள். அவர் 'பச்சைப் பொய்' என்று திருத்தி எழுதினார். நூலகச் சொத்தில் எழுதுவது குற்றம் என்ற பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. அக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அவர் உறுப்பினர் அட்டை வாங்கிக்கொண்டு தினமும் வந்தார். வந்து தம் புத்தகத்தையே எடுத்துப் படித்தார். படிப்பதென்றால் உதட்டை அசைத்துப் படிக்கிறவர் இல்லை; வரிக்கு வரி எழுதியவனோடு நேருக்கு நேர் சண்டை போட்டுப் படிக்கிறவர். "அதெப்படி?" என்பார். "நீ பாத்தியா?" என்பார். பரீட்சைக்குப் படிக்கிற பெண் ஒருத்தி தன் நோட்டில் "நீ பாத்தியா" என்று எழுதிவைத்து, அப்புறம் அது எந்தப் பாடத்தில் வருகிறதென்று தேடினாள்.

நூலகருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அக்காவின் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுத்தார்.

"மேடம், அவருக்கு நீங்க சொல்றீங்களா, இல்ல நான் அவர் கார்டை ரத்து பண்ணட்டுமா?"

"வாசிப்பறையில அமைதி காக்கணும்னுதானே சார் போர்டுல இருக்கு?"

"ஆமா."

"என் ரூம் வாசிப்பறை இல்லியே. இங்க வந்து உக்காரட்டுமே."

நூலகர் யோசித்தார். பக்கத்து அறையில் ஜெனரேட்டர் உறுமியது. "ரெண்டும் ஒரே எடத்துல இருந்தா நல்லதுதான்" என்று ஒத்துக்கொண்டார்.

அறிவிப்பாளர் பின்னறைக்குக் குடிபெயர்ந்தார். உடைந்த படிகளுள்ள ஏணி ஒன்றை ஓரமாகத் தள்ளிவிட்டு அக்கா அவருக்கு ஒரு நாற்காலி போட்டாள். அந்த நாட்களைப் போல அவளுக்குச் சந்தோஷமான நாட்கள் இருந்ததில்லை. இத்தனை காலம் ஒரு புத்தகத்துக்கு என்ன எண் என்று அவள் தன்னோடு தானே விவாதித்துக்கொண்டிருந்தாள். இப்போது எதிர்க்கட்சி கிடைத்துவிட்டது.

"இத ஏம்மா உளவியல்ல சேத்தே?"

"தனிமையப் பத்தின புத்தகம் சார்."

"முன்னுரைய பாரு. மாமனாருக்கு நன்றி, மச்சினனுக்கு நன்றி, பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றி, நாய்க்கு நன்றி. இவனுக்கு எங்கேர்ந்து வந்துச்சு தனிமை? இத நகைச்சுவைல போடு."

"நாய்க்கு நன்றி சொல்றது தனிமைக்கு அடையாளம் சார்."

"நாய் கூட இருக்கும்போது எப்படிம்மா தனிமை?"

இப்படியே டீ ஆறிப்போகும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினாலும் விவாதம் நிற்காது. அக்கா கத்துவாள், அவர் சாதாரணமாகப் பேசுவார், இரண்டும் ஒரே அளவில் கேட்கும். அவள் குரல் கட்டிப்போய் வீட்டுக்குப் போன நாளில் கணவர் பயந்துவிட்டார். லைப்ரரியில் வேலை பார்க்கிறவளுக்கு எப்படித் தொண்டை கட்டும் என்று அவருக்கு விளங்கவேயில்லை.

ஒருநாள் மத்தியானம் அறிவிப்பாளர் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவர் மனைவி அக்காவின் அறைக்குள் வந்தாள். அன்று வண்டியோடு வந்த அதே அம்மாள். முகம் வாடியிருந்தது. நாற்காலியில் உட்காராமல் நுனியில் தொத்திக்கொண்டாள்.

"அவர் இங்கதான் இருக்காராம்மா?"

"ஆமாம்மா. ரொம்ப உதவியா இருக்காரு."

"எனக்கு அவர் சத்தம் தாங்கலன்னுதான் புத்தகத்த எல்லாம் குடுத்தேன். ஒரு சீரியல் நிம்மதியா பாத்ததில்ல. அதுல வர்ற மாமியார் பேசறாளா, இவர் பேசறாரான்னு தெரியாது." அவள் குரல் தாழ்ந்தது. "இப்ப வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்மா. நேத்து என்னமோ உர்ருன்னு சத்தம் கேட்டுச்சு. பயந்துபோய்த் தேடினா, ஃப்ரிட்ஜ். அது சத்தம் போடும்னே எனக்கு இத்தன வருஷமாத் தெரியாது."

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "புத்தகம் திரும்ப வேணுமாம்மா? அது விதிப்படி முடியாதே."

"ஐயோ, எல்லாம் வேணாம்! ஒரேயடியா திரும்பி வந்தா நான் செத்தேன். கடன்தானே குடுப்பீங்க? ரெண்டு குடுங்க. சத்தம் கம்மியா வர்றதா பாத்து."

அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தலைப்பைச் சொல்லிப் புத்தகம் கேட்பார்கள், அட்டை நிறத்தைச் சொல்லிக் கேட்பார்கள், 'போன தடவை இங்கதான் இருந்துச்சு' என்று கேட்பார்கள். எவ்வளவு சத்தம் வேண்டும் என்று சொல்லிக் கேட்டது இந்த அம்மாள்தான். அவள் ஸ்கேலைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து அலமாரிப் பக்கம் ஓடினாள்.

முதல் தடவை தப்பாகிப்போனது. எந்தப் புத்தகத்தில் பென்சில் குறிப்பே இல்லையோ அதுதான் சாதுவானது என்று கணக்குப் போட்டு, பறவைகளைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். மறுநாள் காலையில் அம்மாள் கண்கள் சிவந்து வந்து நின்றாள்.

"விடிய விடிய ஒவ்வொரு பறவையா கூவிக் காட்டினாரும்மா. எதிர் வீட்டு நாய் எங்க வாசல்ல வந்து படுத்துக்கிச்சு."

"அதுல ஒரு குறிப்புகூட இல்லியேம்மா!"

"ரெண்டு கையையும் வாயில குவிச்சு வெச்சுக்கிட்டுக் கூவினா பென்சில எங்க பிடிப்பாரு?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு புத்தகத்தையும் கவனமாகப் படித்துப் பார்த்தே கொடுத்தாள். 'சரி', 'ஆமாம்', 'நானும் அப்படித்தான்' என்றெல்லாம் எழுதியிருந்த புத்தகங்கள் சாயங்காலத்துக்கு. சண்டைப் புத்தகங்கள் ஞாயிற்றுக்கிழமை காலைக்கு, எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே போயிருக்கும் நேரத்துக்கு. அறிவிப்பாளருக்கும் இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. காலையில் அக்காவோடு சண்டை, மாலையில் வீட்டில் புத்தகத்தோடு சண்டை. "ரெண்டு ஷிப்ட்" என்று நூலகம் முழுக்கக் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார்.

இதற்குள் கணினியில் அக்கா ஏற்றிய குறிப்புகள் வாசகர்கள் கண்ணில் பட்டுவிட்டன. "கோபமான புத்தகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? பென்சிலை எடுத்துப் பதில் எழுதினார்கள். ரோஜாச் செடியின் மரணத்துக்குக் கீழே யாரோ, 'கொஞ்சம் மெதுவாகப் பேசியிருக்கலாம்' என்று எழுதியிருந்தார்கள். அழுகிற கதாநாயகனுக்கு ஆதரவாக ஒரு கோஷ்டியே கிளம்பிவிட்டது.

நூலகர் விஷயம் அறிந்து கொதித்துப்போய் வந்தார். "மேடம், கேட்டலாக்ல 'மறுபடியும் கோபம்'னு எல்லாம் எழுதலாமா?"

"உள்ளத உள்ளபடி எழுதணும்னுதான் சார் விதி."

"நான் எல்லாத்தையும் அழிக்கச் சொல்லப் போறேன். மொதல்ல நானே பாக்கறேன்" என்று ஒரு கட்டுப் புத்தகங்களைத் தம் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். வெகுநேரம் அவர் அறையிலிருந்து சத்தமில்லை. கோப்பில் கையெழுத்து வாங்கப் போன அக்கா கதவைத் தட்ட மறந்து உள்ளே நுழைந்தாள். நூலகர் நாக்கைக் கடித்துக்கொண்டு, மேசை மேல் குனிந்து, தத்துவப் புத்தகத்தின் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் பென்சிலைச் சட்டைப் பைக்குள் போடப் பார்த்து, பையில்லாத சட்டை என்பதால் தரையில் போட்டார்.

"எழுத்துப் பிழை இருந்துச்சு. திருத்தினேன்" என்றார்.

அக்கா பென்சிலைக் குனிந்து எடுத்து, முனை மழுங்கியிருந்ததைப் பார்த்து, சீவிக்கொடுத்துவிட்டு வந்தாள். புத்தகங்களை அழிக்கிற பேச்சு அதோடு போயிற்று.

பிறகு ஒருநாள் அந்த அழுகிற கதாநாயகனின் நாவல் அறிவிப்பாளர் வீட்டிலிருந்து திரும்பி வந்தது. வழக்கம்போல அக்கா புதிதாக என்ன எழுதியிருக்கிறார் என்று புரட்டினாள். பென்சிலுக்குக் கீழே நீலப் பேனாவில் வேறு கையெழுத்து. 'போதும்' என்று அவர் எழுதிய இடத்தில், 'போதாது. அவனுக்கு எவ்வளவு கஷ்டம்!' 'மூக்கைச் சிந்து' என்ற இடத்தில், 'நம் கல்யாணத்தன்று நீங்கள் அழுததை மறந்துவிட்டீர்களா? என் முந்தானையில் சிந்தினீர்கள்.' அதற்குக் கீழே பென்சிலில், சின்ன எழுத்தில், 'அது ஜலதோஷம்.' அதற்கும் கீழே பேனாவில், 'பச்சைப் பொய்.'

அக்கா அன்று எந்தப் புத்தகத்துக்கும் எண் போடவில்லை. நாவலை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து படித்தாள். அச்சில் இருந்த கதையைத் தாண்டிப் போய்விட்டு, ஓரத்தில் இருந்ததை மட்டும். படித்து முடித்துக் கணினியில் அந்தப் பதிவைத் திறந்து குறிப்பைத் திருத்தினாள். 'பென்சிலில் கணவர். பேனாவில் மனைவி. மனைவி சொல்வது சரி.'

அன்று சாயங்காலமே நூலகர் யாரும் பார்க்காத மாதிரி வந்து அந்த நாவலைத் தம் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். தவணை முடிந்தும் புத்தகம் வரவில்லை. அக்கா கேட்டபோது அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"வீட்டம்மா குடுக்க மாட்டேங்கறாங்க மேடம். பேனா வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

அக்கா மேசைக்குத் திரும்பினாள். தவணை கடந்தவர்களுக்கு அனுப்பும் நினைவூட்டல் கடிதத்தைக் கணினியில் திறந்து, பெறுநர் இடத்தில் தன் மேலதிகாரியின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, ருசித்து ருசித்துத் தட்டினாள்.